லிட்டில் அந்தமான்: செலவு கம்மி, அலையில் கூட்டமில்லை, இது எத்தனை நாளைக்கு?

அந்தமான் போய்வந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை, ஸ்கூபா டைவிங் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் லிட்டில் அந்தமான் பெரும்பாலும் இருக்காது.

ஆனால், இந்தியாவில் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு திரிபவர்களிடம் கேட்டால் பதில் வேறு. அவர்களுக்கு அந்தமான் என்றாலே லிட்டில் அந்தமான்தான். 2025 ஏப்ரலில் 'லிட்டில் அந்தமான் புரோ' என்ற தேசிய அளவிலான அலைச்சறுக்குப் போட்டி இந்தத் தீவின் பட்லர் பே கடற்கரையில் நடந்தது. அதன் பிறகு, குறைந்த செலவில் போய் நிறைய நாள் தங்கலாம், அலையில் கூட்டமே இல்லை என்று இந்தத் தீவைப் பற்றிய பேச்சு கூடிக்கொண்டே போகிறது.

சரி, ஏன் அங்கே செலவு கம்மி? ஏன் அலையில் கூட்டமில்லை? இரண்டு கேள்விகளுக்கும் விடை கடலில் மட்டும் இல்லை. கப்பல் அட்டவணையிலும், ஒரு பழங்குடிக் காப்பகத்தின் எல்லைக்கோட்டிலும், டெல்லியில் தயாரான ஒரு திட்ட ஆவணத்திலும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லிட்டில் அந்தமான் எங்கே இருக்கிறது?

அந்தமான் நிக்கோபாரில் சின்னதும் பெரியதுமாக 836 தீவுகளும் பாறைத்திட்டுகளும் உள்ளன. மனிதர்கள் வசிப்பது 31-ல் மட்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் சுமார் 3.8 லட்சம். அதாவது, தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர நகரம் அளவுக்குத்தான்.

அந்தமான் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் இருப்பது லிட்டில் அந்தமான். இதற்குத் தெற்கே பத்து டிகிரி கால்வாய். அதைத் தாண்டினால் நிக்கோபார் தீவுகள். தலைநகரமான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பர் வரை இதன் பெயர் போர்ட் பிளேர்) சுமார் 120 கிலோமீட்டர். தீவின் பரப்பு ஏறக்குறைய 700 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 18,800 பேர், இதுவும் 2011 கணக்கு.

பெயரில்தான் 'லிட்டில்'. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் தீவு எவ்வளவு பெரியது என்று புரியும். ஆனால் குடியேறிய மக்கள் வசிப்பதெல்லாம் கிழக்குக் கரையோரப் பட்டையில்தான். ஹட் பே துறைமுகத்தில் இறங்கி வடக்கே போகும் ஒரே சாலையில் நேதாஜி நகர், ராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம் என்று ஊர்கள் வரிசையாக வரும். பட்லர் பே கடற்கரையும் இந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது.

அந்த அலை எங்கிருந்து வருகிறது?

'கள்ளக்கடல்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காற்றே இல்லாத நாளில், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் கடல் பொங்கிக் கரைக்குள் வருவதைக் கேரள, குமரி மீனவர்கள் அப்படிச் சொல்வார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரை அலை இழுத்துச் சென்ற சம்பவம் நினைவிருக்கலாம். அப்போது கடலில் இருந்தது இந்தக் கள்ளக்கடல்தான்.

இதன் பிறப்பிடம் நம் கடல் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, அண்டார்டிகாவை நோக்கிய இந்தியப் பெருங்கடலில் புயல் வீசும்போது பெரிய அலைகள் உருவாகின்றன. நீண்ட இடைவெளியுடன், சீரான வரிசையாக, பல நாள் பயணம் செய்து வடக்கே வருகின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில், நம் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும்போது, இந்த அலைகள் எந்தக் குழப்பமும் இல்லாமல் வந்து சேரும். லிட்டில் அந்தமானுக்கு அலைச்சறுக்குக்காரர்கள் மார்ச் முதல் மே வரை போவதற்குக் காரணம் இதுதான்.

தீவின் தென்மேற்கு முனையில் இந்த அலைகள் நேராகப் பவளப்பாறை மேல் மோதி உடைகின்றன. அலைச்சறுக்கு உலகத்தில் 'குமரி பாயின்ட்' என்று பெயர் பெற்ற இடம் அந்தப் பக்கம்தான். 1998-ல் ஜான் கலஹான் என்ற புகைப்படக்காரரின் குழு தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து படகில் வந்து எடுத்த படங்கள் வழியாகத்தான் அந்த அலைகள் வெளியுலகுக்குத் தெரிய வந்தன. அதே அலைகள் தீவைச் சுற்றி வளைந்து, வேகம் குறைந்து கிழக்குக் கரைக்கு வருகின்றன. பட்லர் பே மணல் கரை என்பதால் கற்றுக்கொள்பவர்களுக்கும் ஏற்றது.

ஒரே கடல்தான். ஒருவருக்கு விளையாட்டு, இன்னொருவருக்கு ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அலைச்சறுக்குக்கு ஏன் திடீர் மவுசு?

இந்தியாவில் இந்த விளையாட்டின் முகம் மாறிவிட்டது. முன்பெல்லாம் வெளிநாட்டுப் பயணிகள் ஆடுவதை நாம் கரையிலிருந்து வேடிக்கை பார்த்தோம். இன்று தேசியப் போட்டிகளில் முன்னணியில் இருப்பவர்களில் பலர் தமிழ்நாட்டு மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிவைத்த பள்ளியும், 2013 முதல் அங்கே நடந்த அலைச்சறுக்கு விழாக்களும் இதில் பெரிய பங்கு வகித்தன.

சர்ஃபிங் டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமானது. 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப்பில் கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். பதக்க வாய்ப்பு வந்ததும் நல்ல அலை கிடைக்கும் இடத்தைத் தேடும் வேலையும் சூடு பிடித்தது. இந்திய எல்லைக்குள், பெரிய அலை, தெளிந்த தண்ணீர், கூட்டமில்லாத கரை என்று தேடினால் விரல் கடைசியில் லிட்டில் அந்தமானில் வந்து நிற்கும்.

செலவு ஏன் கம்மி? கணக்குப் போடுவோம்

டிக்கெட் விலையும் அறை வாடகையும் வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் ரூபாயை விட்டுவிட்டு, செலவின் அமைப்பைப் பார்க்கலாம். அந்தமான் பயணத்தில் நான்கு செலவுகள்: அங்கே போய்ச் சேருவது, தீவுகளுக்கு இடையே போவது, தங்குவது, சாப்பிடுவது.

முதலாவது எல்லோருக்கும் பொது. சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் 2 மணி நேரம். கப்பலில் என்றால் ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர், இரண்டரை நாள் முதல் மூன்று நாள் வரை.

வித்தியாசம் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறது. ஸ்வராஜ் தீவுக்கும் (பழைய ஹேவ்லாக்) ஷாஹீத் தீவுக்கும் (பழைய நீல்) தனியாரின் குளிரூட்டப்பட்ட அதிவேகப் படகுகள் ஓடுகின்றன. ஹட் பேக்கு நம்பியிருக்க வேண்டியது அரசின் கப்பல் சேவைத் துறையைத்தான். கப்பலைப் பொறுத்து 6 முதல் 8 மணி நேரம். தீவுவாசிகளுக்கு ஒரு கட்டணம், வெளியாட்களுக்கு அதைவிடக் கூடுதலாக இன்னொரு கட்டணம். அப்படியும் தனியார் படகோடு ஒப்பிட்டால் நம் பாக்கெட்டுக்கு இது லேசுதான், காரணம் அரசு மானியம்.

மூன்றாவது, தங்குமிடம். ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையை 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. இன்று அங்கே நட்சத்திர விடுதிகள் இருக்கின்றன. லிட்டில் அந்தமானில் இருப்பவை எளிய அறைகள், குடில்கள், வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள். பெரிய முதலீடு வரவில்லை என்பதால் வாடகையும் ஏறவில்லை.

ஆக, இந்தச் சிக்கனத்துக்கு அடிப்படை, போய்ச் சேருவது கஷ்டம் என்பதுதான். மெதுவான கப்பல், வானிலை மோசமானால் ரத்தாகும் பயணம், டிக்கெட் கிடைக்காத நிலை. அவசர வேலை உள்ளவர்களும் நிறையப் பணம் உள்ளவர்களும் இந்த வழியில் வருவதில்லை. கையில் நேரம் மட்டும் இருப்பவர்கள் வருகிறார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நமக்கு அந்தக் கப்பல் ஒரு ராத்திரி அனுபவம், மேல்தளத்தில் நின்று ஒரு செல்ஃபி. ஹட் பேயில் வசிக்கும் ஒரு கர்ப்பிணிக்கு, உயர் சிகிச்சைக்காக ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டிய முதியவருக்கு, கல்லூரியில் சேரப் போகும் மாணவிக்கு அது அவர்களின் பஸ். ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் இடம் குறைவு. நம் பயணத்தை மலிவாக்கும் அதே தூரம்தான் அவர்கள் வாழ்க்கையைச் சிரமமாக்குகிறது. 'இந்தத் தீவு இப்படியே இருக்கட்டுமே' என்று ஊர் திரும்பிய பிறகு நாம் சொல்வது சுலபம்.

என்ன சாப்பிடலாம்?

லிட்டில் அந்தமானின் சாப்பாட்டுத் தட்டு, அந்தத் தீவில் யார் எப்போது வந்து குடியேறினார்கள் என்ற வரலாறுதான்.

1960-களின் கடைசியிலிருந்து கிழக்கு பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) வந்த அகதிக் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. அதனால் ஹட் பே பக்கம் சாப்பாடு என்றால் முதலில் சோறும் மீன் குழம்பும்தான். கடுகெண்ணெய் வாசனையோடு, தண்ணீராக, உருளைக்கிழங்கு போட்ட வங்காளிக் குழம்பு. புளி ஊற்றிக் கெட்டியாக வைக்கும் நம்ம ஊர்க் குழம்பை எதிர்பார்த்துப் போனால் முதல் நாள் ஏமாற்றமாக இருக்கும், மூன்றாவது நாள் பழகிவிடும். மீன் பெயர்கள் நமக்குத் தெரிந்தவைதான்: சூரை, வஞ்சிரம், பாறை.

1973-ல் கார் நிக்கோபாரிலிருந்து நிக்கோபாரிகள் சிலரை ஹர்மிந்தர் பே பகுதியில் குடியமர்த்தினார்கள். அவர்களின் பாரம்பரிய உணவில் தேங்காய், பன்றி இறைச்சி, தாழை இனத்து மரத்தின் பழம் மூன்றும் முக்கியம். நம்ம ஊரில் தாழம்பூவைத் தலையில் வைப்போம். அதன் உறவுக்கார மரத்தின் பெரிய பழத்தை அவர்கள் வேகவைத்து, மசித்து, நார் நீக்கி மாவுபோல ஆக்கிச் சாப்பிடுகிறார்கள். இது ஹோட்டலில் கிடைக்காது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் உண்டு.

தமிழ்ச் சுவையும் தீவுகளுக்குப் புதிதில்லை. 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம். இன்னும் தெற்கே கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை கொடுத்துக் குடியமர்த்தினார்கள். ஆக, தோசைக்கும் பரோட்டாவுக்கும் தீவுகளில் பஞ்சமில்லை.

செலவைக் குறைக்கும் சூட்சுமமும் தட்டில்தான் இருக்கிறது. மீன், தேங்காய், வாழை, பாக்கு ஆகியவை தீவின் விளைபொருள். அரிசி, பருப்பு, காய்கறியில் பெரும்பகுதி, பாக்கெட் தின்பண்டம், குளிர்பானம் எல்லாம் கடல் கடந்து வருபவை. இங்கே பிடித்ததையும் விளைந்ததையும் சாப்பிட்டால் செலவும் குறையும், அந்தக் காசும் தீவிலேயே தங்கும். பீட்சா கேட்டால் கப்பல் வாடகையையும் சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம்.

வரைபடத்தின் மீதிப் பகுதி யாருடையது?

தீவின் 700 சதுர கிலோமீட்டரில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் ஓங்கே பழங்குடியினரின் காப்பகம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மேற்குக் கரையும் தெற்கின் பெரும்பகுதியும் சாலையின்றி, விடுதியின்றி, காடாகவே இருப்பதற்குக் காரணம் இந்த எல்லைக்கோடு.

1901 கணக்கெடுப்பில் ஓங்கே மக்கள் 672 பேர். 2011-ல் 101 பேர். 110 ஆண்டுகளில் 85 சதவீதச் சரிவு. இன்று அவர்கள் முக்கியமாக டுகாங் கிரீக் பகுதியில் வசிக்கிறார்கள். தீவின் மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு 6 பேர் கூட முழுதாக வராது.

இவ்வளவு சிறிய சமூகத்துக்கு ஒவ்வோர் இழப்பும் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம். 2008 டிசம்பரில், கடலில் மிதந்து கரை ஒதுங்கிய கேனில் இருந்த ரசாயனத் திரவத்தை மது என்று நினைத்துக் குடித்த ஓங்கே ஆண்கள் 8 பேர் இறந்தார்கள். நூறு பேரில் 8 பேர். சென்னையின் மக்கள்தொகையில் அந்த விகிதத்தைக் கணக்கிட்டால் பல லட்சம் வரும்.

இதே மக்கள்தான், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஹட் பேயைச் சிதைத்தபோது, கடல் காட்டிய அறிகுறியைப் படித்து மேட்டுக்குப் போய் உயிர் தப்பியவர்கள்.

1957-ல் தீவு முழுவதுமே பழங்குடிக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. குடியேற்றத்துக்கும் மரம் வெட்டுவதற்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கும் வேண்டி 1970-களில் இருமுறை அதன் பகுதிகள் விடுவிக்கப்பட்டன. சுமார் 1,600 ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை நடப்பட்டது. ஓங்கே காப்பகத்துக்குள் மரம் வெட்டப்படுவதை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2002 மே மாதம் தீவுகளில் மரவெட்டுக்கும் ஒற்றைப்பயிர்த் தோட்டங்களுக்கும் கடும் கட்டுப்பாடு வந்தது.

ஆக, பயணி பார்த்து வியக்கும் 'கன்னிக் காடு' தானாகத் தப்பிய ஒன்று கிடையாது. சட்டத்தாலும் வழக்காலும் மிச்சப்படுத்தப்பட்டது.

2021-ல் வெளியான ஆவணம் என்ன சொன்னது?

நிதி ஆயோக்கின் 'லிட்டில் அந்தமான் தீவின் நிலைத்த வளர்ச்சி' தொலைநோக்கு ஆவணம் 2021 தொடக்கத்தில் ஊடகங்கள் வழியாக வெளியே தெரிந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

• தீவில் 240 சதுர கிலோமீட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மேம்பாட்டுக்கு எடுக்கப்படும்.

• மூன்று மண்டலங்கள். ஒன்றில் நிதி நகரமும் மருத்துவ நகரமும், இன்னொன்றில் பொழுதுபோக்கு மண்டலம், மூன்றாவதாக மேற்குக் கரையில் வனச் சொகுசு விடுதிகள்.

• எல்லா வகை விமானங்களும் இறங்கக்கூடிய சர்வதேச விமான நிலையம். கரையோரமாக 100 கிலோமீட்டர் சுற்றுச்சாலை.

• இதற்காகக் காப்புக்காட்டில் 32 சதவீதமும், பழங்குடிக் காப்பகத்தில் 138 சதுர கிலோமீட்டரும் (31 சதவீதம்) விடுவிக்கப்பட வேண்டும்.

அந்தமான் வனத்துறையின் அதிகாரி ஒருவரே இதற்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தார். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போகும் என்று அவர் குறிப்பிட்டார். மேற்குக் கரை, உலகின் மிகப்பெரிய கடலாமையான தோணி ஆமை முட்டையிடும் இடம். 2011 முதல் 2014 வரை இந்தத் தீவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட ஆமைகளில் ஒன்று 266 நாட்களில் 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கம் போனது. சில ஆஸ்திரேலியாவை நோக்கிப் போயின. அந்தக் கரையில் நடப்பது இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளையும் தொடும் விஷயம்.

ஆவணத்தில் வரைந்த நகரம் எழவில்லை. அரசின் கவனமும் 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற கிரேட் நிக்கோபார் திட்டத்தின் பக்கம் போனது. ஆனால் அந்த ஆவணத்தின் அடிப்படை எண்ணம், அதாவது தீவுகளை உயர்வகைச் சுற்றுலாவுக்கான நிலமாகப் பார்ப்பது, எங்கும் போய்விடவில்லை.

சுற்றியுள்ள மாற்றங்களையும் பாருங்கள். 2020 ஆகஸ்டில் சென்னை - அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் தொடங்கியது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அது இணைக்கும் தீவுகளில் லிட்டில் அந்தமானும் ஒன்று. 2023 ஜூலையில் திறக்கப்பட்ட விமான நிலையப் புதிய முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளக் கூடியது. தீவுகளின் மொத்த மக்கள்தொகையைப்போல 13 மடங்கு. இவ்வளவு பேர் வந்தால், ஸ்வராஜ் தீவு மட்டும் தாங்காது. அடுத்த இடம் எது என்று யோசிக்கத்தான் செய்வார்கள்.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது?

அலையைத் தேடி முதலில் பலகையோடு ஏழைப் பயணி வருகிறார். மீனவர் வீட்டில் தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுகிறார். படம் வெளியே போகிறது. பின்னாலேயே சாலை, பிறகு நில விலை, பிறகு விடுதி. கடைசியில் மீனவரும் இல்லை, ஏழைப் பயணியும் இல்லை. அலைச்சறுக்கு ஊர்கள் பலவற்றின் கதை இது.

மெக்சிகோவின் பசிபிக் கரையில் புவேர்ட்டோ எஸ்கொண்டிடோ இதற்குப் பிரபலமான உதாரணம். வஹாக்கா மாநிலத்தின் இந்தக் கடலோர ஊர் தன் சிக்காடெலா கடற்கரையின் ராட்சத அலையால் உலகப் புகழ் பெற்றது. மாநிலத் தலைநகரிலிருந்து மலைப்பாதையில் 6 மணி நேரத்துக்கு மேல் ஆன பயணம், 2024 பிப்ரவரியில் திறந்த புதிய நெடுஞ்சாலையால் 3 மணி நேரமாகச் சுருங்கியது. உள்ளூர்க்காரர்களுக்கு அந்தச் சாலை தேவையானதுதான். ஆனால் அதோடு சேர்ந்து கட்டுமானமும் நிலப் போட்டியும் கூடின. பக்கத்தில் உள்ள புன்டா கொலராடா கடற்கரையில் திட்டமிட்ட கட்டுமானத்தை எதிர்த்து உள்ளூர் மக்களும் அலைச்சறுக்குக்காரர்களும் சேர்ந்தே போராட வேண்டி வந்தது.

நமக்குப் பக்கத்தில் இலங்கையின் அறுகம்பை. பொத்துவில் அருகே உள்ள இந்த விரிகுடாவுக்கு 1970-களிலிருந்தே அலைச்சறுக்குக்காரர்கள் வருகிறார்கள். தமிழும் சிங்களமும் புழங்கும், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மீனவப் பகுதி. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்டத் தடை வந்தது. பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். அதே கரையில் சுற்றுலா நகரத்துக்குத் திட்டம் போட்டார்கள். 'எங்களுக்கு ஆபத்தான கரை, ஹோட்டலுக்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பானது?' என்ற கேள்வி மீனவர்கள் பக்கமிருந்து எழுந்தது. நவோமி கிளைன் எழுதிய 'தி ஷாக் டாக்ட்ரின்' நூல் வழியாக இந்த விவகாரம் உலகம் முழுக்கத் தெரிந்தது.

லிட்டில் அந்தமான் இந்த வரிசையில் இன்னும் முதல் கட்டத்தில்தான் நிற்கிறது. அங்கே ஒரு வித்தியாசமும் உண்டு: நிலத்தின் பெரும்பகுதி விற்பனைக்கே இல்லை, சட்டம் தடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டக்கோடு ஏற்கெனவே இருமுறை நகர்ந்திருக்கிறது. மூன்றாவது முறை நகர்த்த எழுத்தில் திட்டம் போட்டுப் பார்த்தாயிற்று.

அப்போ வளர்ச்சியே வேண்டாமா?

இந்த விவாதம் பெரும்பாலும் 'காடா, வேலையா' என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எண்களைப் பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லை. ஹட் பே மக்களுக்குத் தேவைப்படுவது நேரத்துக்கு வரும் கப்பல், மருத்துவர்கள் உள்ள மருத்துவமனை, நிலையான மின்சாரம், பிள்ளைகளுக்கு வேலை. இவற்றில் எதற்கும் பழங்குடிக் காப்பகத்தின் 138 சதுர கிலோமீட்டர் தேவையில்லை. சர்வதேச விமான நிலையத்துக்கும் நிதி நகரத்துக்கும்தான் அவ்வளவு நிலம் தேவை. அவற்றில் வரும் வேலைகளில் எத்தனை ஹட் பே இளைஞர்களுக்குக் கிடைக்கும் என்பது தனிக் கேள்வி.

கோவளத்தில் நடந்தது வேறு மாதிரியான வளர்ச்சி. அங்கே அலையை வைத்துச் சம்பாதிப்பவர்களில் அந்த ஊர் மீனவர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பயிற்சியாளராக, உயிர்காப்பாளராக, போட்டியாளராக. அதற்குப் பெரிய நிலம் தேவைப்படவில்லை; பலகையும் பயிற்சியும் போதுமானதாக இருந்தன. பட்லர் பேயில் அடுத்தடுத்து போட்டிகள் நடக்கப்போகிறது என்றால் கவனிக்க வேண்டியது பரிசுத்தொகையை மட்டும் அல்ல. ஹட் பே பிள்ளைகள் எத்தனை பேர் பலகையில் ஏறினார்கள், எத்தனை பேர் பயிற்சியாளர் ஆனார்கள், கப்பல் சேவை கூடியதா என்பதையும் சேர்த்துத்தான்.

சரி, போகலாமா?

போகலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கப்பல்: போக ஒரு தேதி, திரும்ப ஒரு தேதி என்று இறுக்கமாகத் திட்டமிடாதீர்கள். விமானத்துக்கு முன்பு இரண்டு மூன்று நாளாவது கையில் வைத்திருங்கள். டிக்கெட் தீவுவாசிகளுக்கும் தேவை. தேவையில்லாமல் இரண்டு கப்பலில் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

பணம்: ரொக்கம் எடுத்துப் போங்கள். சொந்தப் பலகை இருந்தால் நல்லது, ஆனால் விமானத்தில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாம். முன்பே விசாரியுங்கள்.

கடல்: ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல், உயர் அலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. தினமும் பாருங்கள். நீந்தத் தெரியாமல் பலகையில் ஏறாதீர்கள். பெரிய மருத்துவமனை ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் இருக்கிறது.

முதலை: அந்தமான் கடலிலும் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகையை மதியுங்கள். ஓடை கடலில் சேரும் இடத்தில், குறிப்பாக இருட்டும் நேரத்தில், இறங்கவே வேண்டாம். மணல் ஈக்கடியும் உண்டு; அது உயிருக்கு ஆபத்தில்லை, தூக்கத்துக்கு ஆபத்து.

எல்லை: ஓங்கே காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும், பழங்குடியினரைப் படம் எடுப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 'படகில் சும்மா ஒரு ரவுண்டு' என்று யாராவது அழைத்தாலும், மேற்குக் கரையில் இறங்க மறுத்துவிடுங்கள். 100 பேர் கொண்ட சமூகத்துக்கு நம் சளி, காய்ச்சல்கூட பெரிய விஷயம். வெளிநாட்டு நண்பர்களோடு போனால் அவர்களுக்கான அனுமதி விதிகளைத் தனியாகப் பாருங்கள்.

குப்பை: நீங்கள் கொண்டுபோன பிளாஸ்டிக்கை நீங்களே திரும்பக் கொண்டுவாருங்கள். கரை ஒதுங்கிய ஒரு கேன் அந்தத் தீவில் என்ன செய்தது என்பதை மேலே படித்தீர்கள்.

கடைசியாக ஒன்று. குறைந்த செலவில் போய்வந்த பிறகு, இன்னும் நிறையப் பேர் போக வேண்டும் என்று படமும் வீடியோவும் போடுவோம். தப்பில்லை. ஆனால் அந்தக் காலியான கரையின் படத்துக்குக் கீழே, அது ஏன் காலியாக இருக்கிறது என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். 450 சதுர கிலோமீட்டர் ஒரு சமூகத்தின் வீடு என்பதையும், ஹட் பேயில் இன்று கப்பல் வந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து.